எடுக்கும் சொல்லையே இரவல் பெற்ற மொழி



ஆங்கிலத்தில் 'டேக்' என்றொரு வினைச்சொல் உண்டு. முதலாம் ஆண்டு மாணவனும் அறிந்த எளிய சொல். 'எடு' என்பதே அதன் பொருள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால், அச்சொல் வரும் வாக்கியங்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும்.

ஆங்கிலேயர் பேருந்தை 'டேக்' செய்வார். நாம் பேருந்தில் ஏறுவோம். அவர் குளியலை 'டேக்' செய்வார், நாம் குளிப்போம். மருந்தை உண்போம். தேர்வை எழுதுவோம். ஓய்வு கொள்வோம். நண்பரிடம் விடைபெறுவோம். பெரியவர் சொல்லும் அறிவுரையை ஏற்போம். நாற்காலியில் அமர்வோம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு உடல் வெப்பத்தைப் பார்ப்போம். அப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். பழைய காலத்து மன்னராக இருந்தால் கோட்டையைக் கைப்பற்றுவோம். இந்தப் பன்னிரண்டு இடங்களிலும் ஆங்கிலத்தில் நிற்பது ஒரே சொல்தான். தமிழில் பன்னிரண்டு வினைகள் வேண்டியிருக்கின்றன.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்கள் எப்படி வந்தன? யாரும் கூடிப் பேசி முடிவு செய்து கொடுத்தவை அல்ல அவை. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், நம் பிள்ளைகள் எழுதும் தமிழ் வாக்கியங்களில் இன்று நிகழ்ந்துவரும் ஒரு மாற்றத்தையும் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

'நிமன்' என்னும் பழஞ்சொல்

முதலில் வியப்பான ஒரு செய்தி. 'டேக்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அன்று.

ஐந்தாம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் பேசிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அம்மொழியில் எடுத்தலையும் கொள்ளுதலையும் குறிக்க வழங்கிய சொல் 'நிமன்'. அதன் உடன்பிறப்புகள் இன்றும் நலமாக வாழ்கின்றன. ஜெர்மானியர் 'நேமன்' என்கின்றனர். டச்சுக்காரர் 'நேமென்' என்கின்றனர். ஒரே தாய்வழியில் வந்த மூன்று மொழிகளில் இரண்டு, தம் பழஞ்சொல்லைக் காத்து வைத்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் இழந்துவிட்டது.

இழந்ததற்குக் காரணம் கடல் வழியாக வந்தது.

கடல் கடந்து வந்த சொல்

793 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லின்டிஸ்பார்ன் மடத்தை வைக்கிங் கடலோடிகள் தாக்கிச் சூறையாடினர். 865 இல் அவர்கள் பெரும்படையுடன் வந்து இறங்கினர். இரண்டே ஆண்டுகளில் யார்க் நகரம் அவர்கள் கைக்குப் போனது. 878 இல் எடிங்டன் என்னுமிடத்தில் மன்னர் ஆல்பிரட் அவர்களை வென்றார். ஆயினும், நாட்டின் வடக்கும் கிழக்கும் வைக்கிங்குகளின் ஆட்சிப் பகுதியாகவே சில காலம் நீடித்தன. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. நிலம் உழுதனர், ஊர் அமைத்தனர், உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. 1016 முதல் 1035 வரை கெனூட் என்ற டேனிய மன்னரே இங்கிலாந்து முழுமைக்கும் அரசராக இருந்தார்.

அம்மக்கள் பேசியது பழைய நார்ஸ் மொழி. பழைய ஆங்கிலத்துக்கு அது நெருங்கிய உறவு. ஒருவர் பேசுவதை மற்றவர் ஓரளவு புரிந்துகொள்ள முடிந்தது. சந்தையிலும் வயலிலும் அடுப்படியிலும் இரு மொழிகளும் கலந்தன. அக்கலப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்குத் திகைப்பு ஏற்படும். சட்டத்தைக் குறிக்கும் 'லா', கணவனைக் குறிக்கும் 'ஹஸ்பெண்ட்', சன்னலைக் குறிக்கும் 'விண்டோ', முட்டையைக் குறிக்கும் 'எக்', வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை' ஆகிய யாவும் நார்ஸ் சொற்கள். 'அவர்கள்' என்று சுட்டும் 'தே' கூட அங்கிருந்து வந்ததுதான்.

அப்படி வந்தவற்றுள் ஒன்றே 'டாகா'. தொடுதல், கைவைத்தல், பற்றுதல் என்பன அதன் தொடக்கப் பொருள்கள். 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்புகளில் அச்சொல் எழுத்தில் தலைகாட்டுகிறது.

பொதுவாக ஒரு மொழி மற்றொரு மொழியிடமிருந்து பெயர்ச்சொற்களையே கடன் வாங்கும். புதிய பொருள் வந்தால் அதன் பெயரும் கூடவே வரும். நாம் 'அலமாரி'யையும் 'சாவி'யையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பெற்றது அவ்வாறுதான். எடு, கொடு, வா, போ போன்ற அடிப்படை வினைகளை அவ்வளவு எளிதில் எந்த மொழியும் கடன் வாங்காது. ஆங்கிலம் வாங்கியது. அதுவும் உருமாற்றங்களோடு சேர்த்தே வாங்கியது. நம் மாணவர்கள் 'டேக், டுக், டேக்கன்' என்று மனப்பாடம் செய்கிறார்கள் அல்லவா? அது நார்ஸ் மொழியின் 'டாகா, டோக், டெகின்' என்ற வரிசையின் வழிவந்ததே. தமிழர் அன்றாடம் பேசும் 'மிஸ்டேக்' என்ற சொல்லும் நார்ஸ் மொழியின் 'மிஸ்டாகா', அதாவது தவறாகக் கொள்ளுதல் என்பதிலிருந்து வந்ததாகும்.

முந்நூறு ஆண்டுப் போட்டி

வந்த சொல் உடனே வென்றுவிடவில்லை. வடக்கே 'டேக்', தெற்கே 'நிமன்' வழிவந்த 'நிம்' என்று நெடுங்காலம் இரண்டும் வழங்கின. 1340 இல் தென்கிழக்கே கென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு துறவி எழுதி முடித்த அறநூலில் இன்னும் 'நிம்' தான் இருக்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எழுதிய கவிஞர் சாசரிடம் பெரும்பாலும் 'டேக்' வந்துவிடுகிறது.

இப்படி இரு சொற்கள் ஒரே நாட்டில் போட்டியிட்டால் மக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன், 1490 இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் முட்டையைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் கப்பலேறிய வணிகர்கள் சிலர் காற்று வீசாததால் கரையோரம் தங்கினர். அவர்களுள் ஒருவர் ஒரு வீட்டுக்குச் சென்று நார்ஸ் வழிவந்த சொல்லைச் சொல்லி முட்டை கேட்டார். அந்த வீட்டம்மாவோ தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். வணிகருக்குக் கோபம் வந்தது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! மற்றொருவர் பழைய ஆங்கிலச் சொல்லான 'எய்ரன்' என்பதைச் சொன்ன பிறகே அம்மையாருக்குப் புரிந்தது. இருவரும் ஆங்கிலேயர், பேசியதும் ஆங்கிலமே. முட்டைக்கு நேர்ந்த அதே நிலைதான் 'எடு' என்னும் வினைக்கும் நேர்ந்தது.

முடிவில் பழஞ்சொல் தோற்றது. தோற்ற சொல்லின் கதி இரங்கத்தக்கது. 'நிம்' என்பது திருடுவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகத் தாழ்ந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் நிம் என்ற பெயருடைய ஒரு திருட்டுப் படைவீரன் வருகிறான், அவன் தூக்கிலிடப்படுகிறான். அதன்பின் அச்சொல்லும் மெல்ல மறைந்தது. எஞ்சியவை இரண்டு துணுக்குகள். கைகால் மரத்துப்போவதைக் குறிக்கும் 'நம்ப்' ஒன்று; உணர்ச்சி 'எடுக்கப்பட்டுவிட்டது' என்பதே அதன் அடிப்படை. சுறுசுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' மற்றொன்று. சட்டென்று பற்றிக்கொள்ளும் தன்மையே அதன் பழைய பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'நிமன்' என்ற சொல்லை எந்த மன்னரும் தடை செய்யவில்லை. எவரும் அதை வெறுக்கவும் இல்லை. ஒரு தலைமுறை அதைச் சற்றுக் குறைவாகச் சொன்னது. அடுத்த தலைமுறை அதனினும் குறைவாகக் கேட்டது. அவ்வளவே.

பிரெஞ்சு மொழியின் அச்சு

1066 இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அடுத்த முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடலாம் என்று 1362 இல் தான் சட்டம் வந்தது.

இக்காலத்தில் ஆங்கிலம் பிரெஞ்சுச் சொற்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது எல்லாரும் அறிந்ததே. அதைவிட நுட்பமான ஒரு வாங்குதலும் நடந்தது. பிரெஞ்சில் எடுத்தலைக் குறிக்கும் சொல் 'பிராந்த்ர்'. அச்சொல்லைக் கொண்டு அவர்கள் விடைபெறுதல், பங்குபெறுதல், எச்சரிக்கையாக இருத்தல் முதலியவற்றை எல்லாம் சொல்வர். ஆங்கிலேயர் அந்தத் தொடர்களை அப்படியே பெயர்த்து, 'பிராந்த்ர்' நின்ற இடத்தில் 'டேக்' என்பதை வைத்தனர். சொல் ஆங்கிலத்தது, வாக்கியத்தின் அச்சு பிரெஞ்சினது. விடையை 'எடுத்தல்', பங்கை 'எடுத்தல்', கவனத்தை 'எடுத்தல்' என்று கண்ணால் காண முடியாதவற்றை எல்லாம் எடுக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொல்லைக் கடன் வாங்குவது ஒருவகை. சொல்லின் பயன்பாட்டைக் கடன் வாங்குவது மற்றொரு வகை. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதிக்கு இதுவே திறவுகோல்.

அகராதிக்காரர்களின் திணறல்

அறிஞர் சாமுவேல் ஜான்சன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழைத்து 1755 இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டார். அரிய சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவருக்குக் கடினமாக இல்லை. எளிய வினைகளே அவரைத் திணறடித்தன. பொருள் இன்னதென்று வரையறுக்க முடியாமல் பரந்து கிடக்கும் வினைகள் என்று முன்னுரையில் அவர் ஒரு பட்டியலே தருகிறார். செய், போ, ஓடு, வை போன்ற வினைகளோடு 'டேக்' என்பதும் அப்பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். விளக்கமும் எடுத்துக்காட்டுமாக அது ஏறக்குறைய 8,000 சொற்கள் நீண்டு, ஐந்து பக்கங்களை நிரப்பியது.

பின்னர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வந்தது. 1884 இல் முதல் பகுதி வெளிவந்து, 1928 இல் நிறைவுற்ற பெரும்பணி அது. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே, 'டேக்' இடம்பெறும் எழுத்துப் பகுதியைத் தம் இறுதிக் காலத்தில் பதிப்பித்தார். 1915 இல் மறைந்தார். 1989 இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில், 'டேக்' என்பதோடு 'அப்' என்ற சிறு சொல் சேர்ந்து வரும் 'டேக் அப்' என்ற தொடருக்கு மட்டுமே 55 வகைப் பொருள்கள் தரப்பட்டுள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேரறிஞர்களே இப்பாடு பட்டிருக்க, 'எடு' என்ற ஒரே சொல்லால் நாம் அதை விளக்கி முடித்துவிட முடியுமா?

இயந்திரங்கள் தந்த பொருள்கள்

ஒவ்வொரு புதிய கருவியும் இச்சொல்லுக்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. ஓவியர் ஒருவரின் உருவத்தை வரைவதை 'டேக்' என்று முன்பே சொல்லிவந்தனர். 1839 இல் டாகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின், படம் பிடிப்பதற்கும் அதே சொல் பொருந்திக்கொண்டது. 1830 இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. குதிரை வண்டிப் பயணத்துக்கு வழங்கிய 'டேக்', இரயில் பயணத்துக்கும் வந்தது. தாண்டிக் குதிப்பவர் தரையை விட்டு எழும்புவதைக் குறித்த 'டேக் ஆஃப்' என்ற தொடர், 20 ஆம் நூற்றாண்டில் வானூர்தி மேலெழுவதைக் குறித்தது. திரைப்படம் வந்தபோது, ஒருமுறை ஓடும் படப்பிடிப்பு ஒரு 'டேக்' ஆயிற்று. "ஒரே டேக்கில் நடித்து முடித்தார்" என்று நம் திரைச்செய்திகள் எழுதுவது அதைத்தான்.

இத்தனைக்குப் பின்பும் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒருமை இல்லை. முடிவு ஒன்றை 'டேக்' செய்யலாம் என்பது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் 'மேக்' என்பர். அமெரிக்கர் குளியலை 'டேக்' செய்தால், பிரித்தானியர் பெரும்பாலும் 'ஹேவ்' என்பர். தேர்வுக்குப் பிரித்தானியர் 'சிட்' என்றும் சொல்வர். ஆகவே, இது தருக்கத்தால் அமைந்த ஒழுங்கன்று. வழக்கால் அமைந்த ஒழுங்கு.

தமிழில் 'எடு'வும் 'கொள்'ளும்

தமிழ் வினைகளும் இப்படிப் பல பொருள் தருபவையே. ஆனால், அவை வேறு இடத்தில் தொடங்கி வேறு வழியில் நடந்தன.

'டேக்' தொடுதலில் தொடங்கியது. நம் 'எடு' தூக்குதலில் தொடங்குகிறது. கீழே கிடப்பதை மேலே உயர்த்துவதே அதன் உயிர்ப்பொருள். தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கிறோம். சான்றோருக்கு விழா எடுக்கிறோம். மன்னர் படையெடுக்கிறார். நொடித்துப்போன குடும்பம் தலையெடுக்கிறது. 'எடுப்பான தோற்றம்' என்கிறோம். பசி எடுக்கிறது, மழைக்காலத்தில் ஊற்றெடுக்கிறது என்பவற்றிலும் உள்ளிருந்து மேலெழும் அசைவு தெரிகிறது. இவற்றுள் ஒன்றைக்கூட 'டேக்' என்று ஆங்கிலத்தில் பெயர்க்க முடியாது.

'டேக்' என்பதோடு உண்மையில் தோள்சேர்ந்து நிற்கும் தமிழ்ச்சொல் 'கொள்'. ஒரு குடம் பத்து லிட்டர் கொள்ளும். வணிகர் கொள்முதல் செய்வார். பெண் கொண்டவன் கணவன் ஆவதால் அவனைக் 'கொண்டவன்' என்றனர். ஆங்கிலேயத் திருமண உறுதிமொழியிலும் 'டேக்' என்ற வினையே வருகிறது. அச்சம் கொள்ளலாம், உறவு கொள்ளலாம். உட்கொள், எதிர்கொள், மேற்கொள் என்று முன்னொட்டுச் சேர்த்தால் புதுப்புதுப் பொருள்கள் பிறக்கும். ஆங்கிலத்தில் 'அண்டர்' சேர்த்து 'அண்டர்டேக்' என்பதும், ஜெர்மனில் 'உன்டர்நேமன்' என்பதும், தமிழில் 'மேற்கொள்' என்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன. அவர்கள் கீழே வைத்துப் பிடித்தார்கள். நாம் மேலே வைத்துப் பிடித்தோம்!

அதற்கும் மேலாக, 'கொள்' நம் இலக்கணத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 'பார்த்துக்கொள்', 'வந்துகொண்டிருக்கிறான்', 'கத்தி கொண்டு வெட்டினான்' என்னும் மூன்றிலும் அது துணையாகவும் உருபாகவும் நின்று ஏவல் செய்கிறது. நாம் பேசும்போது 'வந்துக்கிட்டு இருக்கான்' என்கிறோமே, அந்தக் 'கிட்டு'வும் தேய்ந்துபோன 'கொண்டு' தான்.

நம் பிள்ளைகளின் வாக்கியங்கள்

இப்போது நம் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வருவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில் இத்தகைய வாக்கியங்களைக் காணாத ஆசிரியர் இருக்க முடியாது: "நான் பேருந்து எடுத்துப் பள்ளிக்குச் சென்றேன்." "அண்ணன் நேற்றுத் தேர்வு எடுத்தார்." "அவள் குளியல் எடுத்தாள்." "ஓட்டப்பந்தயத்தில் பங்கு எடுத்தேன்."

இவற்றில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே, பிறமொழிக் கலப்பைக் கண்டுபிடிக்கும் நம் கண்ணுக்கு இவை தப்பிவிடுகின்றன. பிரெஞ்சுக்காரரின் அச்சை ஆங்கிலேயர் வாங்கியது போல, ஆங்கிலேயரின் அச்சை நம் பிள்ளைகள் வாங்கியிருக்கிறார்கள். மலாய் மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. படம் பிடிப்பது 'அம்பில் காம்பார்'. பங்கேற்பது 'அம்பில் பஹாகியான்'. விடுப்பு 'அம்பில் சூத்தி'. 'அம்பில்' என்றால் எடு. பள்ளியில் பயிலும் இரு மொழிகளும் ஒரே வழியைக் காட்டும்போது, பிள்ளை மூன்றாம் மொழியிலும் அவ்வழியே நடப்பது இயல்புதானே? இதில் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை.

குற்றமில்லை என்பதால் இழப்பும் இல்லை என்று ஆகிவிடாது. தமிழில் "ஓட்டுநர் பேருந்தை எடுத்தார்" என்றால் வண்டியைக் கிளப்பினார் என்பது பொருள். பத்து வயதுப் பேரன் "நான் பேருந்து எடுத்தேன்" என்றால், ஊரிலிருந்து வந்த பாட்டி அவன் வண்டி ஓட்டினானோ என்று பதறுவார். "ஆசிரியர் அறிவியல் பாடம் எடுக்கிறார்" என்றால் அவர் கற்பிக்கிறார். "மாணவன் அறிவியல் பாடம் எடுக்கிறான்" என்றால் அவன் கற்கிறான். கற்பித்தலும் கற்றலும் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 'எடு' என்ற ஒரு சொல் எல்லா இடங்களையும் நிரப்பும்போது ஏறு, எழுது, உண், ஏல், பெறு, அமர் முதலிய வினைகள் பிள்ளையின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக நழுவுகின்றன. தமிழ் வினைகள் செயலின் உருவத்தைக் காட்டுபவை. 'ஏறினேன்' என்றால் கால் உயர்வது தெரிகிறது. 'எழுதினேன்' என்றால் கை அசைவது தெரிகிறது. 'எடுத்தேன்' என்னும்போது அவை இரண்டும் மறைந்துபோகின்றன. கொடுத்தலைக் குறிக்கக்கூட ஈ, தா, கொடு என மூன்று சொற்களை வகுத்து, கேட்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்பதற்கேற்ப அவற்றை வழங்க வேண்டும் என்று தொல்காப்பியம் இலக்கணம் சொன்னது. அவ்வளவு நுண்மை கொண்ட மொழிக்கு உரியவர்கள் நாம்.

எதைத் திருத்துவது? எதை விடுவது?

எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிடவும் இயலாது. 'புகைப்படம் எடுத்தல்', 'விடுப்பு எடுத்தல்', 'நடவடிக்கை எடுத்தல்' முதலியன தமிழகத்திலும் இங்கும் நிலைபெற்றுவிட்டன. "எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கிறாயா?" என்று அக்கறையோடு நாம் மாணவரைக் கேட்கிறோமே, அக்கேள்வியின் அச்சும் ஆங்கில அச்சே! அதற்காக அக்கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. கடன் வாங்கியதால் ஆங்கிலம் அழிந்துவிடவில்லை என்பதையும் மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. எனவே, வகைப்படுத்திப் பார்ப்பதே நல்லது.

1. மரபு வழக்கு. காவடி எடு, படையெடு, பசி எடு, விழா எடு, நல்ல பெயர் எடு, தத்தெடு. இவை நம் சொத்து. மாணவருக்கு விரும்பிக் கற்பிக்க வேண்டியவை.

2. நிலைபெற்ற வழக்கு. படம் எடு, விடுப்பு எடு, முடிவு எடு. இவற்றை ஏற்றுக்கொள்ளலாம். 'படம் பிடி', 'முடிவு செய்' என்ற மாற்று வடிவங்களையும் கூடவே அறிமுகம் செய்யலாம்.

3. தேவையற்ற வழக்கு. பேருந்து எடு, குளியல் எடு, தேர்வு எடு, மருந்து எடு, பங்கு எடு. இவ்விடங்களில் தமிழுக்குச் சொந்த வினை உயிரோடு இருக்கிறது. அதை நினைவூட்டுவது நம் கடமை.

திருத்தும்போது 'தவறு' என்று மட்டும் எழுதாமல், "நீ கையால் எதைத் தூக்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பேருந்தைத் தூக்கவில்லை என்று பிள்ளை சிரிக்கும். சிரித்த பிறகு 'ஏறினேன்' என்ற சொல் தானாக வரும். எதிர்த்திசையிலும் பயிற்சி கொடுக்கலாம். "பசி எடுக்கிறது", "காவடி எடுத்தார்" என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'டேக்' அங்கே உதவாது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வாசல் உண்டு என்ற உண்மை அதன் மனத்தில் பதியும். அதனால் தமிழோடு ஆங்கிலமும் வளம்பெறும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குத் தனி வகுப்பு எதுவும் தேவையில்லை. "குளித்தாயா?", "மருந்து சாப்பிட்டாயா?", "எந்தப் பேருந்தில் ஏறினாய்?", "தேர்வை எப்படி எழுதினாய்?" என்று நாள்தோறும் நீங்கள் கேட்டால் போதும். கேட்ட சொல்லே பிள்ளையின் வாய்க்கு வரும்.

'நிமன்' என்ற சொல்லை அழித்தது பகைவரின் வாள் அன்று. லின்டிஸ்பார்னைச் சூறையாடியவர்கள் அதை எடுத்துச் செல்லவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஆங்கிலேயரின் பேரப்பிள்ளைகளும் ஒரே தெருவில் விளையாடியபோது, வீட்டில் அச்சொல் ஒலிப்பது குறைந்தது. இன்று ஓர் ஆங்கிலேயரின் விரல் மரத்துப்போகும்போது மட்டும் அதன் நிழல் 'நம்ப்' என்று எட்டிப் பார்க்கிறது. 'ஏறு', 'எழுது', 'உண்' ஆகியவை இன்னும் நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒலிக்கும்வரை அவற்றுக்கு அழிவில்லை.